ரேடியோ பேசிய இடம்

ஆணி ஆலையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் காதில் விழாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் எவனோ, அவன் நாக்கு அழுகிப் போகட்டும் என்று கல்யாணமான புதிதில் என் தங்கை மகள் வாயாரச் சபித்தாள். அவர் அவளுடைய புருஷன், எனக்கு மாப்பிள்ளை. சாபம் பலிக்கவில்லை. பலித்திருந்தால் ஆலையில் பாதிப் பேர் நாக்கில்லாமல் திரிந்திருப்பார்கள். திரிந்திருந்தாலும் அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் ஆணி ஆலையில் நாக்குக்கு வேலையே கிடையாது. ஒரு பக்கம் கம்பிச் சுருள் சுழன்று சுழன்று உள்ளே போகும். இயந்திரம் அதைப் பிடித்துத் தலையில் ஒரு குத்து, நுனியில் ஒரு வெட்டு. மறுபக்கம் தட்டில் ஆணி கொட்டும். ஒரு இயந்திரம் ஓடினாலே பக்கத்துத் தெருக் குழந்தை எழுந்து அழும். அங்கே வரிசை வரிசையாக ஓடின. போதாததற்கு, ஆணிகளை மரத்தூளோடு போட்டு உருட்டி மெருகேற்றும் இரும்புப் பீப்பாய்கள். நான் ஒரு தடவை மதியச் சாப்பாடு கொண்டுபோய் அந்த வாசலில் நின்றேன். என் பல்செட் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

அந்தச் சத்தத்தில் எல்லோரும் கையால்தான் பேசினார்கள். சுருள் தீர்ந்தது, எண்ணெய் விடு, மேஸ்திரி வருகிறான், மேஸ்திரி பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வருகிறான், இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு கை அசைவு இருந்தது. காது கேளாதோர் பள்ளியில் படித்து முடித்து மாப்பிள்ளை அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றவர்கள் தன் பாஷையில் திக்கித் திணறுவதைப் பார்த்தார். அவர்களுக்கு அது அவசரத்துக்குக் கற்றுக்கொண்ட கைவேலை, இவருக்கோ தாய்மொழி. ஒரே வருஷத்தில் மொத்தக் கூடத்துக்கும் வாத்தியாராகிவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியவந்தது. அங்கேதான் இந்தக் கதையின் வயிற்றெரிச்சலே இருக்கிறது.

வீட்டில் நாங்கள் பார்த்த மாப்பிள்ளை வேறு. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம் போட்டு அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். அவர் வேலை முடிந்து வருவார், கை கால் கழுவுவார், ஒழுகுகிற குழாயை இறுக்குவார், உட்காருவார். இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருக்கும். அவரைப் பெற்ற மகராசி, சின்ன வயதில் அவர் கையை ஆட்டினாலே பட்டென்று புறங்கையில் போடுவாளாம். “குரங்காட்டம் ஆடாதே, நாலு பேர் பாக்கறாங்க.” மருமகள் வந்ததும் அதே உபதேசம். “பையன் தங்கம்மா. கையை ஆட்டினா மட்டும் கண்டுக்காதே. கண்டுக்கிட்டா வழக்கமாயிடும்.”

அவள் கண்டுகொள்ளவில்லை. சாப்பாடு, தூக்கம், பணம், வா, போ, வேண்டாம்: குடும்பம் நடத்த இவ்வளவு சைகை போதும் என்று இருந்துவிட்டாள். மீதியை வாயைப் பெரிதாகத் திறந்து சொல்வாள். அவர் தலையாட்டுவார்.

அந்தத் தலையாட்டலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காது கேளாதவர்கள் விவரம் தெரிவதற்கு முன்பே படித்துக்கொள்கிற தந்திரம் அது. புரியவில்லை என்று காட்டினால் எதிராளியின் முகம் சுருங்கும், குரல் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். தலையை ஆட்டிவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் வாசலில் யாரோ என்னவோ கேட்டதற்கு மாப்பிள்ளை தலையாட்ட, மறுநாள் ஒரு லாரி செங்கல் வந்து இறங்கியது. இரண்டு அறை வாடகை வீட்டுக்கு ஒரு லாரி செங்கல்! அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. “எம் புருஷன் மாதிரி மறுபேச்சு பேசாத மனுஷன் உண்டா பெரியம்மா?” என்று என்னிடம் பெருமையாக வேறு கேட்பாள்.

வேலை முடிந்ததும் ஆலை ஆட்கள் கும்பலாகப் பக்கத்து பாருக்குப் போவார்கள். அங்கே சப்ளையராக இருந்தவன் எட்டு. அவனும் ஒரு காலத்தில் ஆணி ஆலையில் நின்றவன்தான். இயந்திரம் வலது கையின் கடைசி இரண்டு விரலை வாங்கிக்கொண்டு மீதி எட்டோடு அனுப்பிவைத்தது, அதிலிருந்து எட்டு. இரண்டு விரல் இல்லாததால் அவன் கைப்பேச்சு கொஞ்சம் கொன்னல் என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வாராம். அந்த பாரில் யாரும் வாயால் பேசுவதில்லை, ஆலைப் பழக்கம். மேஜைக்கு மேஜை கைகள் பறக்கும். மூலை நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்தால், மொத்தக் கடையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுமாம்.

அவர் போனது பேச்சுக்கு. குடி அந்த நாற்காலிக்கு வாடகை மாதிரி. முதலில் ஒரு கிளாஸ் வாடகை. பிறகு வாடகை ஏறிக்கொண்டே போனது. வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும், ஒருமுறை ஏறினது இறங்கவே இறங்காது.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. காது கேட்கிறவனுக்குக் கை நடுங்கினால் தேநீர் சிந்தும், அவ்வளவுதான். இவருக்குக் குரலே நடுங்கியது. காலையில் எழுந்ததும் பேச்சு குழறும். ஒரு மிடறு உள்ளே போனால்தான் தெளியும். பேசுவதற்காகக் குடிக்கப் போனவர், இப்போது குடித்தால்தான் பேச முடியும் என்றானார். ஆஸ்பத்திரி டாக்டர் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்: “குடியை நிறுத்தாவிட்டால் கையும் போகும், ஆளும் போவீர்கள்.” அதற்கும் தலையாட்டினார். ஆனால் இந்தத் தடவை புரிந்து ஆட்டினார்.

நிறுத்தத்தான் பார்த்தார். சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்தார். கையைப் பையில் விட்டுக்கொண்டு, தையல் ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆசை ஆசையாக முட்டை பொரித்துக் கொடுத்தாள். எத்தனை நாள்தான் ஒரு மனிதன் முட்டையோடு பேசிக்கொண்டிருப்பான்? மறுபடி பாருக்கே போனார்.

ஒரு நாள் அவரே ஒரு புகைப்படத்தைக் காட்டினார். பேருந்து நிறுத்தத்தில் இருந்த விளம்பரப் பலகை. “குடியிலிருந்து விடுபட, இன்றே அழையுங்கள்.” கீழே எண். அவர் எண்ணைத் தொட்டார், பிறகு அவள் வாயைத் தொட்டார். எனக்காக நீ பேசு.

அவள் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண், தேனாகத்தான் பேசினாள்.

“யாருக்கும்மா பிரச்சினை?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“அவர்கிட்டயே ஃபோனைக் குடுங்கம்மா. குடிக்கிறவங்களே மனசு விட்டுப் பேசணும், அதான் எங்க முறை.”

“அவருக்குக் காது கேக்காதுங்க.”

“பரவால்லம்மா, நான் சத்தமாப் பேசறேன்.”

“பொறந்ததுலேருந்தே கேக்காது.”

அப்புறம் அந்தப் பெண் மெதுவாக, “அப்போ ஸ்பீக்கர்ல போடுங்களேன்” என்றாள்.

அடுத்து ஒரு மறுவாழ்வு மையத்துக்கு நேரிலேயே போனோம். வரவேற்பில் இருந்தவர் நல்ல மனிதர். அவர் கைவிரித்த விதத்தில் கூட ஒரு மரியாதை இருந்தது. “எங்க வைத்தியமே பேச்சுதாம்மா. வட்டமா உக்காந்து ஒருத்தர் பேசணும், மத்தவங்க கேக்கணும். இவர் பேசவும் மாட்டார், கேக்கவும் மாட்டார்னா நாங்க என்ன பண்றது?”

“அவர் பேசுவாருங்க, கையால.”

“அது எங்க யாருக்கும் தெரியாதேம்மா.”

“அப்போ குறை அவர்கிட்ட இல்லையே” என்றேன் நான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரே ஒழிய இடம் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை படித்த பள்ளியில் விசாரித்தால், ஊரில் கைமொழியை வாய்மொழியாக்கிச் சொல்ல ஒரே ஒரு அம்மாள்தான் இருந்தாள். நீதிமன்றம், காவல் நிலையம், கல்யாணம், எல்லாவற்றுக்கும் அவள்தான். கூப்பிடலாமா என்று கேட்டதும் மாப்பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். காரணம் அன்று எங்களுக்குப் புரியவில்லை. காது கேளாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் மன்றத்தில் அந்த அம்மாளும் உண்டு. அவர்களுக்குள் கிசுகிசு என்று ஒன்று கிடையாது. கையால் சொன்னதைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தும் படித்துவிடலாம். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்தான். ஆனாலும் ஞாயிறு தோறும் அவள் முகத்தில் விழிக்க வேண்டுமே.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உயரமான சுவர், தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகள், சுத்தமான கட்டில். எல்லா விதிகளையும் வாயால் படித்துக்காட்டி, “சம்மதமா?” என்று கேட்டார்கள். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அழகாகத் தலையாட்டினார். “ரொம்ப ஒத்துழைக்கிறார்” என்றார்கள். ஆரம்ப வாரங்களில் வீட்டார் வரக்கூடாது, ஃபோனில் பேசலாம் என்றும் சொன்னார்கள். ஃபோனில்!

சொன்ன காலத்துக்கு ரொம்ப முன்பே கூப்பிட்டு, அழைத்துப் போகச் சொன்னார்கள். இப்போது, “ஒத்துழைப்பு சுத்தமா இல்லைம்மா. கண்ணை மூடிக்கிட்டு நாங்க சொல்றதைக் கேளுங்கன்னா, இவர் மட்டும் திறந்து திறந்து பாக்கறார். மேஜையைத் தட்டறார். தரையை உதைக்கிறார்” என்றார்கள். காது கேளாதவன் அடுத்தவனைக் கூப்பிட மேஜையைத்தான் தட்டுவான், தரையைத்தான் உதைப்பான். அந்த அதிர்வுதான் அவனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அது அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் அவள் முன்னால் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அழுத்தி, அவள் கண்ணையே பார்த்தார். அவள் யோசித்தாள். முகம் மலர்ந்தாள். உள்ளே போய் அலமாரியிலிருந்து அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்துவந்து மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலையாட்டினார்.

அதற்குப் பிறகு குடித்த குடி முன்பு குடித்ததையெல்லாம் பச்சைத் தண்ணீர் ஆக்கிவிட்டது. அவள் கோபம் ஒரே ஆள் மேல் திரும்பியது. ஊற்றிக் கொடுக்கிறவன் யாரோ, அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று ஒரு பிற்பகல் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். பார் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

ஒன்றுமில்லை, ஏமாற்றம்தான். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. ஈரத் தரை, பினாயில் வாடை. ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

“இன்னும் திறக்கலைங்க” என்றான் திரும்பாமலே.

“நான் குடிக்க வரலை. உன் கையை ஒடைக்க வந்திருக்கேன்.”

திரும்பினான். அவளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு அண்ணி. மிச்சத்தையாவது விட்டுவைங்க.”

“என்னை எப்படித் தெரியும் உனக்கு?”

“அண்ணன் கையாலயே உங்களை வரைஞ்சு காட்டியிருக்காரே. மூக்கு, நடை, கோபம் எல்லாம். கோபம் ரொம்ப நல்லா வரும்.”

“ஊத்திக் குடுத்துக் குடியைக் கெடுக்கறதும் நீங்க, ரேடியோன்னு கேலி பண்றதும் நீங்க. காது கேக்காதவரை ரேடியோன்னு கூப்பிட வெக்கமா இல்லை?”

எட்டு ஒரு நிமிஷம் புரியாமல் நின்றான். “கேலியா? அண்ணி, அவரை நிறுத்தவே முடியாது அண்ணி! காலைல போட்டா ராத்திரி வரைக்கும் ஓடும். செய்தி, நாடகம், பாட்டு எல்லாம் உண்டு. முதலாளி நடக்கற மாதிரி ரெண்டு விரலை மேஜைமேல நடக்க விடுவாரு பாருங்க, ஒருத்தன் சிரிச்சே நாற்காலியோட மல்லாந்துட்டான். அதான் ரேடியோ. வேற எதுக்குன்னு நினைச்சீங்க?”

“என் வீட்டுக்காரரா?” என்றாள் அவள்.

“உங்க வீட்டுக்காரர்தான். வீட்டுல பேச மாட்டாரா?”

நான்தான் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

“அந்த மையத்துல நடந்ததைக் கூடவா சொல்லலை?” என்று எட்டு தயங்கித் தயங்கிக் கேட்டான். குடி இறங்கும்போது அவருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போல் இருந்ததாம். தண்ணீர் கேட்டிருக்கிறார், எறும்பைச் சொல்லியிருக்கிறார், பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கை வேகமாக வீசியிருக்கிறது. அடிக்க வருகிறார் என்று நினைத்து, அவருக்கே அடிபட்டுவிடக் கூடாதென்று, இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. மெத்தென்ற துணியில்தான் கட்டினார்கள்.

“அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? ‘வாயில துணியை அடைச்ச மாதிரி இருந்துச்சு எட்டு’ன்னாரு. உங்ககிட்ட சொன்னாராமே. நீங்க கடிகாரம் கட்டிவிட்டீங்களாம்.”

அவள் அங்கேயே குனிந்து அழுதாள். எட்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கிளாஸில் வெறும் சோடா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். பார்க்காரன் வேறு என்ன செய்வான், பாவம்.

அவள் சோடாவைக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “நீ வா. அவருக்காக நீ வந்து பேசு.”

“நானா? அண்ணி, குடியை விடற இடத்துல பார் சப்ளையர் போய் நின்னா, கல்யாண வீட்டுக்குச் சவப்பெட்டிக்காரன் வந்த மாதிரி இருக்கும்.”

“அவர் பேசறது இந்த ஊர்ல உனக்குத்தான் புரியுது. வர்றியா, மிச்ச எட்டையும் ஒடைக்கட்டுமா?”

வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் எட்டே விஷயத்தைச் சொல்லி, பொது வார்டில் படுக்க வைத்து, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துக் குடியை இறக்கினார்கள். காலையெல்லாம் எட்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். கையை யாரும் கட்டவில்லை. எறும்பு இந்தத் தடவையும் வந்தது, ஆனால், “எங்க இருக்குண்ணே? இங்கயா? நசுக்கிட்டேன்” என்று சொல்ல ஆள் இருந்தது.

அதற்கப்புறம்தான் வட்டம். ஒரு ஆரம்பப் பள்ளியின் வகுப்பறையில், குடியை விட்டவர்கள் சாயங்காலம் கூடுவார்கள். சின்னக் குழந்தைகளின் பெஞ்சில் பெரிய பெரிய ஆண்கள் முழங்காலை நெஞ்சில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற பேருந்து கண்டக்டர். வீட்டாரும் வரலாம் என்ற ஒரு நாளில் நாங்களும் போய்ப் பின்வரிசையில் அமர்ந்தோம். எட்டு குளித்து, சட்டை மாற்றி, மாப்பிள்ளைக்கு எதிரே நின்றான்.

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உன்னை எங்கயோ பாத்திருக்கேனே?”

“பாத்திருப்பீங்கண்ணே. உங்களுக்குச் சோடா கலக்கவே கூடாது, ஐஸ் மட்டும்.”

வகுப்பறையே அதிர்ந்தது. மூலையில் ஒருவர், “பார்க்காரனை உள்ள விட்டா நாங்க எல்லாம் வெளிய போறோம்” என்று எழுந்தார். “நீங்களும் நம்ம வாடிக்கைதானேண்ணே, ஜன்னலோர மேஜை” என்றான் எட்டு. அவர் உட்கார்ந்துவிட்டார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்ததும் எட்டு இரண்டு கையையும் தூக்கினான். “ஒவ்வொருத்தராப் பேசுங்க. எனக்கு இருக்கறதே எட்டு விரல்.”

அப்புறம் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார்.

நான் எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டவள். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் அந்த அறையின் காற்றை அது அள்ளி அள்ளி எடுத்தது. முதலில் கையாலேயே மேஸ்திரியைக் கூட்டி வந்தார், பிறகு அந்தச் செங்கல் லாரியை. செங்கல் இறங்க இறங்க, தலையாட்டிக்கொண்டே பின்வாங்கும் ஒரு ஆளை இரண்டு விரலில் நிற்க வைத்தார். கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கைப்பேச்சை வாயால் சொல்லிக்கொண்டு எட்டு பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தான்: “நான்... எனக்கு... என் பொண்டாட்டி இருக்காளே...” அவன் ‘என் பொண்டாட்டி’ என்றதும் இவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“என் பொண்டாட்டி நல்லவ. வீட்டுல என் கை சட்டைப் பையிலதான் இருக்கும். வெளிய எடுத்தா அவளுக்கு வெக்கமா இருக்கும்னு நான் நினைச்சேன். எடுக்கலைன்னா எனக்குப் பேச ஒண்ணுமில்லைன்னு அவ நினைச்சா.”

பிறகு மாப்பிள்ளையின் விரல் எட்டின் பக்கம் நீண்டது. எட்டு வாய் திறக்கவில்லை.

“என்ன சொல்றாரு?” என்றார் கண்டக்டர். “சொல்லுப்பா. இங்க எதையும் முழுங்கக் கூடாது.”

எட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இந்த எட்டைப் பாத்தா எனக்குக் குடிக்கணும்போல இருக்கு. ‘இன்னைக்கு எப்படிண்ணே போச்சு’ன்னு என்னைக் கேக்கற ஒரே ஆளு இவன்தான். கேக்கும்போதெல்லாம் இவன் கையில கிளாஸ் இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த மாதமே எட்டு பாரை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடையில் சேர்ந்தான். “கிளாஸ் அதேதான் அண்ணி, உள்ள இருக்கறதுதான் வேற” என்று சிரித்தான்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு குடிக்கவில்லை. ஒரு சொட்டுக் கூட. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

அவள் எட்டிடம் கைப்பேச்சு கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். முதலில் கற்றுக்கொண்டது ‘மறுபடி’. கம்பிச் சுருள் சுழல்வது போல ஆள்காட்டி விரலைச் சுழற்ற வேண்டும். “புரியலைன்னா தலையாட்டாதீங்க அண்ணி, சுத்துங்க. வெக்கப்படாம சுத்துங்க.” மற்றதெல்லாம் ஆணி ஆலைப் பாஷையாகவே வந்தது. அவள் உப்பு போதுமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு மேஸ்திரியின் பிறப்பைப் பற்றி என்னவோ கேட்டுவிட, மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

ஆனால் நடுக்கம் போகவில்லை. குடியை விட்டால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நரம்பு எப்போதோ கெட்டுவிட்டது, ஈரலும் அப்படியே என்றார் டாக்டர். அந்த விளம்பரப் பலகையைப் படம் பிடித்து வந்த நாளிலேயே யாராவது ஒருவர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்திருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் சைகை கூடக் கூட அவர் சைகை தேய்ந்தது. இவள் வாக்கியம் வாக்கியமாகப் பேச வந்தபோது, அவருக்கு வார்த்தை வார்த்தையாகக் குழறியது. அவர் சொல்வார், இவள் விரலைச் சுழற்றுவாள், அவர் மறுபடி சொல்வார். சாயங்காலங்கள் அப்படிப் போயின. குறை சொல்ல முடியாத சாயங்காலங்கள்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்கியிருக்கலாம் என்பதைத் தவிர.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் மத்தியானம் நானும் இருந்தேன். கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையை அசைத்துக்கொண்டே இருந்தார்.

“ஊசி கழண்டுடும்மா” என்றாள் நர்ஸ். “கையை லேசாக் கட்டிலோட கட்டிடவா?”

“கட்டாதீங்க!” இவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. “அவர் பேசறார்.”

“அப்போ ஒரு கையை மட்டும்...”

“ரெண்டு கையாலயும் பேசறவரும்மா அவர்.”

நர்ஸ் ஒரு கணம் பார்த்தாள். புரிந்துகொண்டாள், நன்றாக இருக்கட்டும். ஊசியை எடுத்து, காலில் நரம்பு தேடிக் குத்திவிட்டுப் போனாள்.

அவர் சொன்னார். முதலில் ‘நீ’, அப்புறம் ‘வீடு’. அவ்வளவு வரைக்கும் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நீளமாக ஒன்று. கை காற்றில் நடுங்கி நடுங்கிப் போனது. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். இவள் தலையாட்டிவிடுவாளோ என்று பார்ப்பது போல் இருந்தது. ஆட்டியிருந்தால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அவள் ஆட்டவில்லை. ஆள்காட்டி விரலைச் சுழற்றினாள். அவர் மறுபடி சொன்னார். இன்னொரு தடவை சுழற்றினாள். இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் களைத்துப்போய், சிரித்துவிட்டு, அவள் சுழற்றிய விரலைப் பிடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, அவள் எட்டின் தேநீர்க் கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். அவனை எதிரில் உட்கார வைத்து, அவர் கடைசியாகச் சொன்னதைத் தன் கையால் சொல்லிக் காட்டினாள். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்று விடாமல்.

எட்டு கூர்ந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். “கை நடுங்குது அண்ணி, சரியாத் தெரியலை. நடுக்கத்தை விட்டுட்டுக் காட்டுங்க.”

“எது நடுக்கம், எது பேச்சுன்னு தெரிஞ்சா நான் ஏன்டா உன்கிட்ட வரேன்?”

எட்டு கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாகச் சுழற்றினான். அவள் மறுபடி காட்டினாள்.